எரியாத பச்சை விளக்கு

திருவொற்றியூர்
ஞாயிறு மதியம்

அன்பு மகள் ஜெனிக்கு,

கர்த்தருடைய கிருபையில் நீயும் மாப்பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருக்கவேண்டும் என்று காலையில் கோயிலில் ஜெபித்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம், இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. பதறாதே, அம்மா உள்ளே தூங்குகிறாள், மூக்கில் குழாய் இருக்கிறது, சற்று முன்தான் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தேன், ஆக்சிஜன் தொண்ணூற்றிரண்டு காட்டியது. அதை முதலில் தெரிந்துகொண்டு மேலே படி. தினமும் போனில் பேசுகிற மனிதர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் எடுத்தாலே ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள் உன் அம்மா, மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு இறங்கினால் என்ன ரகசியம் என்று துளைத்து எடுக்கிறாள், வாட்ஸப்பை எனக்கு முன்னால் அவள்தான் பார்க்கிறாள். உன் அத்தை மகன் பிராங்கிளின் வியாழக்கிழமை குவைத் திரும்புகிறான், மிக்சர் பொட்டலத்தோடு இதையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ வாங்கி அனுப்பிய ஆக்சிஜன் மிஷின் எரிந்துபோய்விட்டது. சர்வீசுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னது பொய். போன் கேமரா வேலை செய்யவில்லை என்று மூன்று நாள் உன்னிடம் முகம் காட்டாமல் பேசினேனே, அதுவும் பொய், அந்த மூன்று நாளும் அம்மா ராயபுரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான். எப்படி என்று எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும்.

போன மாதம் நம் தெருவில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் பக்கத்து வீட்டு மலரின் டிவியும் ஃபிரிட்ஜும் ஒரே நாளில் போனதைச் சொன்னேன் அல்லவா. உடனே நீ, மிஷினை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டாதீர்கள், கரண்ட் திடீரென்று எகிறினால் தடுக்க சர்ஜ் புரொடெக்டர் என்று ஒன்று இருக்கிறது, அதை வாங்கி நடுவில் மாட்டுங்கள் என்று ஒரு லிங்க் அனுப்பினாய். நான் திறந்து பார்த்தபோது அந்தச் சாமான் கையிருப்பில் இல்லை, இதைப் போன்றவை என்று கீழே நாற்பது காட்டியது. எல்லாம் ஒரே வெள்ளை ஜங்ஷன் பாக்ஸ், ஒரே சிவப்புச் சுவிட்ச். ஒன்றுக்கு ஸ்பைக் கார்டு என்று பெயர், ஒன்றுக்கு சர்ஜ் புரொடெக்டர், ஒன்றுக்கு இரண்டு பெயரும். ஒருவன் ஜூல் என்கிறான், ஒருவன் கிலோ ஆம்பியர் என்கிறான், ஒருவன் வோல்ட் என்கிறான், இன்னொருவன் அது எதையும் எழுதாமல் ஒயரின் நீளத்தையும் கலரையும் மட்டும் எழுதியிருக்கிறான். படத்தில் ஆறு பிளக், எழுத்தில் நாலு. துவரம்பருப்பு மூட்டையில் நான் இப்படி எழுதி விற்றிருந்தால் நம் கடை இருந்த டோல்கேட் பக்கத்து ஜனங்கள் கடையைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பார்கள். ஆக்சிஜன் மிஷினுக்கு ஆகுமா என்று எழுத்து எழுத்தாகத் தேடி ஒரு கேள்வியும் போட்டேன். அன்பான வாடிக்கையாளரே, இதில் நான்கு பிளக் உள்ளது என்று பதில் வந்தது. இன்னொரு புண்ணியவான், இன்னும் பிரிக்கவில்லை, நல்ல பொருள் என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தான்.

கிளாம்பிங் வோல்டேஜ் என்று ஒரு வரி இருந்தது. நீ அனுப்பியதில் அது ஐந்நூறு, கீழே இருந்த ஒன்றில் ஆயிரத்து ஐந்நூறு. ஆகா, மூன்று மடங்கு தாங்கும் என்று அதையே வாங்கினேன். முப்பத்தெட்டு வருஷம் மொத்த மளிகை நடத்தியவனுக்கு எண் பெரிதென்றால் சரக்கு அதிகம், வேறு கணக்கு தெரியாது. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கொள்முதல் செய்ய மகளிடம் பாடம் கேட்பதா என்ற திமிர், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு அர்த்தமே தலைகீழ் என்று பிறகுதான் தெரிந்தது. எத்தனை வோல்ட் வரும்வரை அந்தப் பெட்டி சும்மா வேடிக்கை பார்க்கும் என்பதைத்தான் அது சொல்கிறதாம். சின்ன எண்ணாக இருப்பதுதான் நல்லதாம். இதை எந்தப் பாவியும் தமிழிலோ இங்கிலீஷிலோ ஒரு வரி அங்கே எழுதவில்லை.

அது மட்டும் என்றால் கடைக்காரன் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் தூங்கியிருப்பேன். அந்தப் பெட்டியில் இரண்டு விளக்கு இருந்தது, சிவப்பு எரிந்தது, பச்சை எரியவே இல்லை. நீ மூன்று தடவை கேட்டாய், அப்பா, எர்த் என்று போட்ட பச்சை விளக்கு எரிகிறதா என்று. மூன்று தடவையும் எரிகிறது என்றேன். சின்ன பல்பு ஃபியூஸ் போயிருக்கும், இதற்காகத் திருப்பி அனுப்பி மறுபடி அந்த நாற்பதில் யார் தேடுவது என்ற சலிப்பில் சொன்னேன். உன்னிடம் நான் சொன்ன முதல் பொய் அது, மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தவை.

போன செவ்வாய்க்கு முந்திய செவ்வாய் காலை பத்தரை மணிக்குக் கரண்ட் போயிற்று. ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும், அவசரத்துக்கு வைத்திருக்கும் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கவேண்டாம் என்று அம்மாவே சொன்னாள். வந்தது. வந்த வேகத்தில் மிஷின் ஒரு கூச்சல் போட்டு நின்றது, ரப்பர் தீய்ந்த நாற்றம். சிலிண்டரைத் திறக்கும் சாவியை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவு வரவில்லை ஜெனி. மேஜையைக் கொட்டித் தேடுகிறேன், அம்மா என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவள் உதடு நீலமாகிறது. என் சத்தம் கேட்டு மலர் ஓடி வந்து, நவுருங்க அண்ணாச்சி, கண்ணெதிர்லயே தொங்கிகினு கீது பாருங்க என்று என்னைத் தள்ளிவிட்டு, சிலிண்டர் கழுத்திலேயே கட்டியிருந்த சாவியை எடுத்துத் திறந்தாள். அந்தப் பெண் இல்லையென்றால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

கடை திறந்த நாளிலிருந்து நமக்கு ஒயரிங் பார்க்கிற வண்ணாரப்பேட்டை அத்தாவுல்லாவைக் கூப்பிட்டேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அண்ணாச்சி, டப்பா மேல இன்னா வேணா எய்திக்கினு போவட்டும், உங்க வூட்ல எர்த்தே இல்ல, மூணாவது ஓட்ட சும்மா அழகுக்கு கீது, எகிறி வர்ற கரண்டு எறங்க எடம் வோணாமா, பச்ச லைட்டு எரியாம அத்தான் சொல்லிகினு இருந்துச்சு, நீங்கதான் கேக்கல என்றார். எர்த் குழி எங்கே என்று கேட்டார். முன்வாசலைக் கை காட்டினேன். ரோடு போடப் போட நம் வீடு பள்ளமாகி, அந்த டிசம்பர் வெள்ளம் கட்டில் வரை வந்த பிறகு முன்வாசலை இரண்டடி உயர்த்தினோமே, அதற்கு அடியில் இருக்கிறது. வீடு கட்டியபோது கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கிய குழி. கோடையில் அதில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது உன் அம்மாதான். கொத்தனார் இந்தப் பள்ளம் இன்னாத்துக்கு, மூடிரட்டா என்று கேட்டபோது, ஏங்க, அது எர்த் குழில்லா, மூடிட்டா தண்ணி எங்க ஊத்த என்று அவள் சொல்லத்தான் சொன்னாள். உனக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே போ என்று கொத்தனார் முன்னால் சொன்னேன். மழைத்தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்பது ஒன்றுதான் அன்றைக்கு என் புத்தியில் இருந்தது. இத்தனை நடந்தும், நான் அன்றே சொன்னேனே என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. சொல்லித் தொலைத்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இப்போது இருப்பது வாடகை மிஷின், நன்றாக ஓடுகிறது. நாளைக் காலை அத்தாவுல்லா ஆள் கூட்டிவந்து வாசல் டைல்ஸை உடைத்துப் புதிதாக எர்த் குழி வெட்டுகிறார். அதனால் இதைப் படித்ததும் இன்னொரு மிஷின், இன்னொரு பெட்டி என்று லிங்க் தேட உட்கார்ந்துவிடாதே. நான் கேட்பது சாமான் இல்லை. நுரையீரலில் தழும்பு கூடிவிட்டது, அந்தப் பத்து நிமிஷத்தில் இழந்ததைத் திரும்பப் பிடிக்கமுடியவில்லை என்று டாக்டர் அம்மா சொன்னார்கள். எத்தனை நாள் என்று கேட்டேன், அவர்கள் மாத்திரைச் சீட்டை எழுதினார்கள். பிள்ளைக்குச் சொல்லிராதீங்க, புது வேல, லீவு கெடைக்காது, கெடந்து தவிப்பா என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் அம்மா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். அதை நான் இப்போது மீறுகிறேன். ஏன் தெரியுமா, கிறிஸ்துமசுக்கு ஜெனி வருவாளா, வருவாளா என்று நாளுக்கு நாலு தடவை என்னைப் பிய்த்து எடுத்தவள், வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மகளே. கிறிஸ்துமஸ் வரை காத்திருக்காதே. கிடைத்த விமானத்தில் வா.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஸ்தோத்திரம் சொல். கர்த்தர் உன் பயணத்துக்குத் துணையிருந்து உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, நான் எழுதினேன் என்று அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே, லீவு தானாகக் கிடைத்தது என்று சொல். என்னைத் திட்டவேண்டியது நிறைய இருக்கும், அதையெல்லாம் ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியிலேயே திட்டித் தீர்த்துவிடு. வீட்டுக்குள் வந்து திட்டினால் அவள் எனக்காக உன்னோடு சண்டைக்கு வருவாள், அதற்கு அவளிடம் மூச்சு இல்லை.

என்றும் உன் அப்பா,
சாலமோன்