கோச்சைக் குழம்பு

அன்புத் தங்கைக்கு,

உன் மச்சான் சுகம். பொங்கலுக்கு நீ இங்கே வர வேண்டாம்; நானே பிள்ளைகளோடு செல்லூருக்கு வருகிறேன்.

சேவல்கட்டில் தோற்று விழும் கோச்சைச் சேவல் ஜெயித்தவனுக்குத்தானே? உன் மச்சான் ஜெயித்துக் கொண்டுவரும் கோச்சையைக் குழம்பு வைக்கும்போதெல்லாம், தோற்றவன் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது என்று, அந்த வீட்டுக்காரிக்கும் சோற்றோடு ஒரு சட்டி கொடுத்துவருவேன்.

நேற்று அவர் தோற்றார். பொழுது சாயும்போது, ஜெயித்தவன் பெண்சாதி தங்கப்பொண்ணு, முன்பு நான் கொடுத்த அதே சட்டியோடு வாசலில் நின்றாள். "அக்கா, ஒண்ணும் பேசாதீங்க. பிள்ளைகளுக்குப் போடுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளைகள் பசியில் வழித்துத் தின்றார்கள். சின்னவள் மட்டும், தினமும் வைப்பதுபோல, நம் சேவலுக்கென்று ஒரு பிடி சோற்றை ஒதுக்கி வைத்தாள்.

உன் அக்கா