வீடு வரை வந்த தூள்

மார்ச் 4
சோலார் பண்ணை ஒன்றுக்குப் பெரிய ஆர்டர். பகலில் சேரும் கரண்டை இரவுக்கு வைத்துக்கொள்ளும் பேட்டரிகள், ஒவ்வொன்றும் என் மகள் வாண்டு உயரம். ஈயத் தகடு அடுக்கி அடுக்கி மணிக்கட்டு விட்டுப்போச்சு. படியேறினதும் வாண்டு ஓடி வந்து இடுப்பில் ஏறிக்கொண்டாள். அலுப்பு போன இடம் தெரியவில்லை.

மார்ச் 9
வாண்டுவுக்கு மறுபடி வயிற்றுவலி. சாப்பாடு என்றாலே ஓடுகிறாள். வீட்டுக்காரர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஊட்டிப் பார்த்தார். நடக்கவில்லை.

மார்ச் 12
டாக்டர் வாண்டுவின் வயிற்றை அமுக்கினார், கண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க என்ன வேலைம்மா பண்றீங்க?"
"பேட்டரி கம்பெனில தகடு அடுக்கறேன்."
"இதே உடுப்போடதான் வீட்டுக்குப் போவீங்களா?"
ரத்தம் எடுக்கச் சொன்னார்.

மார்ச் 17
வாண்டு ரத்தத்தில் ஈயம். இருக்கக் கூடாத அளவு. என் உடுப்பிலும் தலைமுடியிலும் ஒட்டி வந்த தூளாம். நான் தூக்கினதாலயா? நான் தூக்கினதாலதான்.
"இப்பவே கண்டுபிடிச்சுட்டோம். இனி தூள் வீட்டுக்குள்ள வராம பாத்துக்குங்க, மெல்ல இறங்கும்" என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 18
வீட்டுக்காரர் வீடு முழுக்க ஈரத்துணியால் துடைத்தார். நான் பின்வாசலில் வந்து, குளித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அதற்குள் வாண்டு குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி அழுது தூங்கிவிட்டாள். அம்மாவோட டூ விட்டாளாம்.

மார்ச் 20
பஸ்ஸில் ஒருத்தி கைக்குழந்தையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எழுந்து நின்றுகொண்டேன்.
வீட்டில் குளித்தால் போதாது. கம்பெனியிலேயே குளிக்க வேண்டும்.

மார்ச் 21
கம்பெனியில் குளியலறை இல்லாமல் இல்லை. அதில் காலி அட்டைப்பெட்டிகள் குளிக்கின்றன! சூப்பர்வைசரிடம் கேட்டேன்.
"குளிச்சிட்டுப் போக இது என்ன லாட்ஜா? ஆர்டர் தலைக்கு மேல நிக்குது."
என் பக்கத்து மேசை கண்ணாடி அக்காவிடம் மட்டும் வாண்டு விஷயத்தைச் சொன்னேன். கையைப் பிடித்து அழுத்தினார். "வெளிய மூச்சு விடாதே. கம்பெனிய இழுத்து மூடிட்டா நாமெல்லாம் எங்க போறது?"
அவர் வீட்டிலும் சின்னப் பையன் உண்டு. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 25
சாப்பாட்டு நேரத்தில் குளியலறைப் பெட்டிகளை நானே இழுத்து வந்து சூப்பர்வைசர் அறை வாசலில் குவித்தேன். எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். சத்தம் கேட்டு மேனேஜரே வந்துவிட்டார்.
"யாரு குளிக்கணும்னு இவ்ளோ ரகளை?"
"நான்தான் சார். என் பொண்ணு ரத்தத்துல நம்ம ஈயம் இருக்கு."
'நம்ம' என்று எப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. கண்ணாடி அக்கா டிபன் டப்பாவை மூடிவிட்டு எழுந்தார்.
"நானும் குளிக்கணும் சார்."

மார்ச் 27
மேனேஜர் சொல்லி, கம்பெனி குளியலறைக் குழாயில் தண்ணீர் வருகிறது. வேலை உடுப்பை அங்கேயே துவைக்கவும் ஆள் போட்டாயிற்று. சாயங்கால பஸ்ஸில் எங்கள் செக்‌ஷன் முழுக்க ஈரத்தலை. கண்டக்டர் சிரித்தார்: "எல்லாரும் எந்தக் குளத்துல விழுந்தீங்க?"

ஏப்ரல் 15
வாண்டு தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன்.

மே 6
மறு பரிசோதனை. இறங்கியிருக்கிறது, இன்னும் இறங்கணும் என்றார் டாக்டர்.
வாண்டுவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பெஞ்சில் உட்கார இடமில்லை. கண்ணாடி அக்கா பையனை மடியில் வைத்திருந்தார். பேட்டரிக்கு ஆசிட் ஊற்றும் அண்ணன் இரட்டைப் பிள்ளைகளோடு சுவரோரம் நின்றார். கடைசியில் சூப்பர்வைசர், மகள் கையைப் பிடித்தபடி. என்னைப் பார்த்ததும் லேசாகத் தலையசைத்தார்.
நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "எல்லாரும் ஒண்ணா வந்தீங்களா?"
இல்லை. ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல், தனித்தனியாகத்தான் வந்திருந்தார்கள்.