புலிக்கூண்டு இருந்த இடம்

ஆவணி, ஞாயிறு இரவு.

இன்று என் மனைவி பாக்கியத்தைப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். முன்பு அது மிருகக்காட்சி சாலை. கல்யாணமான புதிதில் அங்கேதான் இருவரும் புலி பார்த்தோம். பிறகு மிருகங்களைக் கொண்டுபோய்விட்டார்கள். கூண்டுகளையும் இடித்துவிட்டார்கள்.

"புலிக்கூண்டு எங்கிட்டுங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். ஒரு மரத்தடியில் சின்னப் பலகை தெரிந்தது. எழுத்துக்கூட்டி, சத்தமாக, "புலி" என்று படித்தேன். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

காவலாளி சிரித்தார். "ஐயா, அது மரத்தோட பேருங்க. புளி."

ஒப்புக்கொண்டிருக்கலாம். "அப்ப எழுத்தைத் தப்பாப் போட்டிருக்கீங்க" என்றேன்.

பாக்கியம் அவர்மேல் பாய்ந்தாள். "இவுக முதியோர் வகுப்புக்குப் போயிப் படிக்கிறவுக. அழிச்சிட்டு ஒழுங்கா எழுதச் சொல்லுங்க!"

பலகையில் ளகரம் சரியாகத்தான் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரிங்க ஆத்தா, சொல்லிடுறேன்" என்றார்.

எத்தனை முறை கூப்பிட்டும் வகுப்புக்கு வராதவள், திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள்: "நாளைக்கு நானும் ஒங்ககூட வாரேன். ஒங்கள மாதிரி நாலு பேரைக் கேக்கணும்."

வரட்டும். சந்தோஷம்தான். ஆனால் ளகரம் படிக்கும் அன்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். அவளும் இன்னும் தூங்கவில்லை போலிருக்கிறது. கூப்பிட்டு இப்போதே சொல்லிவிடுகிறேன்.