உடைத்த சிமெண்ட்

சடையங்குப்பம், செவ்வாய்

சாண்ட்ரா அப்பாவுக்கு,

கப்பல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

கோபப்படாதீர்கள். வெள்ளத்துக்குப் பயந்து நீங்கள் முற்றத்தில் மேடாகப் போட்டுவிட்டுப் போன சிமெண்டை உடைத்துவிட்டேன். நம் வாசல் காய்ந்துதான் கிடந்தது. ஆனால் மழைத்தண்ணீர் முழுவதும் பக்கத்தில் உங்கள் தம்பி வீட்டுக்குள் போனது. அன்றிலிருந்து அவர் நம்மோடு பேசுவதில்லை.

கடப்பாரைச் சத்தம் கேட்டு மதில் மேல் எட்டிப் பார்த்தார். "இன்னா அண்ணி, இப்டி இடிச்சினு இருந்தா கிறிஸ்மஸ் வந்துடும். குடு இங்க" என்று குதித்து வந்தார். இருவருமாகக் குழி தோண்டி, செங்கல் துண்டும் ஜல்லியும் கொட்டினோம். நேற்றைய மழை அதிலேயே இறங்கிவிட்டது.

"அண்ணன் எப்போ வருது?" என்றார்.

"நீங்களே போன் பண்ணிக் கேளுங்க" என்றேன்.

உங்கள் நம்பரை எப்போதோ அழித்துவிட்டாராம். நான் சொல்லத் தொடங்கினேன்; மிச்சத்தை அவரே சொல்லி முடித்தார்.

உங்கள் பிடிவாதக்காரி