பென்சில் படாத சொல்

மோசுல்,
ஜனவரி 19

அன்பு மகள் ஸுஹாவுக்கு,

நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆனாலும் நலம்தான். நீயும் அத்தையும் லீட்ஸில் நன்றாயிருக்க வேண்டுமென்று ஐந்து வேளையும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே பனி விழுகிறதாமே, ஈரக் காலுறையோடு வகுப்பில் உட்காராதே, இருமலை அத்தையிடம் மறைக்காதே. இங்கே தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. நேற்று டர்னிப்பைப் பேரீச்சம் பாகில் வேகவைத்தேன், வழக்கம்போல மூன்று பேர் அளவுக்கு.

போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். விசா விண்ணப்பத்தில் திருமண நிலை என்ற கட்டத்தில் நான் யாரென்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் எழுத வேண்டுமாம், அதற்கு நீதிமன்றச் சான்றும் வேண்டுமாம். அப்பாவைப் பள்ளியிலிருந்து பிடித்துப்போய்ச் சேதியே இல்லாமல் ஐந்து வருஷம் ஆகிவிட்டதால் இனி இறந்தவரென்று அறிவிக்கலாம் என்கிறார்கள். கஸ்ஸான் சித்தப்பா மூன்று தடவை வந்துவிட்டார், கையெழுத்துத்தானே அண்ணி கேக்குறாங்க, அண்ணன் உயிரையா கேக்குறாங்க என்கிறார். பக்கத்து வீட்டு லுவையின் அம்மா அவருக்கும் மேலே, ஏண்டி, மக கூப்பிடுறா, நீ இங்க உக்காந்து யாருக்கு ரெண்டாவது கிளாஸ்ல டீ ஊத்திக்கிட்டிருக்கே என்கிறாள்.

எழுதவேண்டிய அந்தச் சொல்லைப் பார்க்கலாமென்று அப்பாவின் ஆங்கில அகராதியை எடுத்தேன். நினைவிருக்கிறதா, ஒரே எழுத்துகளில் தொடங்கும் சொற்களை ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்பார் அப்பா, ஒரு வீடு முடியாமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டவிடமாட்டார். படித்த சொல்லுக்கெல்லாம் ஓரத்தில் பென்சிலால் பொருள் எழுதிவைப்பார். அவரைப் பிடித்துப்போனதும் உன் பாடம் எம் என்ற எழுத்திலேயே நின்றுபோனது. பிறகு நான்தான் தனியாகப் படித்து ஓ-வைத் தாண்டிப் பி வரை வந்திருக்கிறேன், அங்கெல்லாம் ஓரம் வெறுமையாகத்தான் இருந்தது. அன்று முதல்முறையாக விதியை மீறி டபிள்யூவுக்குத் தாவினேன். அங்கே அவர் பென்சில் எழுத்து, ஸுஹா. இடமிருந்து வரும் அச்சும் வலமிருந்து வரும் அவர் அரபிக் கையெழுத்தும் நடுவில் சந்தித்து நிற்கின்றன. வைட், அகலமான. வைடன், அகலப்படுத்து. விடோயர், மனைவியை இழந்தவன். விட்த், அகலம். நடுவில் இருக்கும் விடோவுக்கு மட்டும் எதுவும் எழுதவில்லை. எப்போது அங்கே போனார், நமக்குத் தெரியாமல் எதற்குப் போனார். மறந்திருப்பார் என்கிறார் சித்தப்பா. பதினாறு வருஷம் ஆங்கிலம் கற்பித்தவரா, அடுத்த வரியிலேயே விடோயருக்குப் பொருள் எழுதியவரா மறப்பார்? அன்றிலிருந்து அலமாரியைக் கடந்தால் பென்சில் சீவிய வாசனை அடிக்கிறது. நீ போனபிறகு இந்த வீட்டில் பென்சிலே கிடையாது.

திங்கட்கிழமை நீதிமன்றம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விண்ணப்பத்திலும் அந்தச் சொல்லை என் கையாலேயே எழுதினேன். உன்னிடம் வர வேறு வழியில்லை, கோபமிருந்தால் நேரில் கோபித்துக்கொள். வீட்டுக்கு வந்து அகராதியிலும் அந்த இடத்தை நிரப்பிவிடலாமென்று பேனாவைத் திறந்தேன், கை போகவில்லை. அவர் விட்ட இடம் அவருக்கே இருக்கட்டும். புத்தகத்தைப் பெட்டியில் கொண்டுவருகிறேன், நீயும் அதில் எழுதிவிடாதே.

அல்லாஹ் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். காலுறையை மறக்காதே.

உன் அம்மா,
நஷ்வானின் மனைவி
ஹனா