தீர்ப்புச் சொல்லாமல் ஒரு மணி நேரம்

ஐப்பசி 5, வியாழன்

காலையில் தூறல். தேங்காய் போட ஆள் வரவில்லை. பத்து மணி பஸ்ஸில் சித்தூர். கவுன்சிலிங், முதல் தடவை.

போகாமல் முடியாது. புருஷனை விட்டு வந்த கவிதாவிடம், என்ன ஏது என்று கேட்காமலே "திரும்பிப் போ" என்று முடிவு சொன்னவன் நான். கோயமுத்தூரில் தனியாக இருக்கிறாள். எட்டு மாதமாக வீட்டுப் படி மிதிக்கவில்லை. பேச்செல்லாம் அவள் அம்மாவோடுதான். போன வாரம் சொன்னாளாம்: "அப்பா மொதல்ல கவுன்சிலிங் போகட்டும். அப்பறம் நான் வாரேன்."

எங்கள் ஊர் வடகரப்பதியில் வரப்புத் தகராறோ பாகத் தகராறோ, என்னிடம்தான் நியாயம் கேட்டு வருவார்கள். எனக்கே நியாயமா! நியாயம் பேசும் இடத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. பத்து இளநீர். கவிதா மேல் எட்டுக் குற்றம் எழுதிய தாள். கவுன்சிலிங் மேடம் சின்ன வயசு. தாளைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை, அதுவரைக்கும் நல்லது.

"தப்பு யாரு மேலன்னு சொல்லிப்போடுங்க மேடம். கட்டுப்படறனுங்க."

"தீர்ப்பு சொல்றது என் வேலை இல்லீங்க ஐயா."

"பின்ன எதுக்குங்க நான் வந்தது?"

இளநீரையும் வாங்கவில்லை. பத்தையும் பஸ்ஸில் திரும்பச் சுமந்தேன். கண்டக்டர் முறைத்தான். மானம் போச்சு.

ஐப்பசி 8, ஞாயிறு

நல்ல வெயில். மேடம் கொடுத்த வீட்டுப்பாடம், இந்த வயசில். முடிவு சொல்ல வாய் துடிக்கும்போது மனசில் என்ன ஓடுகிறது என்று எழுத வேண்டும்.

காலை: மோட்டார் ஓடவில்லை. சரஸ்வதி சுவிட்சைப் போடவில்லை என்று முடிவு. ஓடியது: நான் பார்க்காவிட்டால் இந்த வீட்டில் எதுவும் நடக்காது. விஷயம்: கரண்ட் இல்லை.
மதியம்: குழம்பு தாமதம். ஓடியது: அதேதான்.
சாயங்காலம்: ஒன்றும் இல்லை!

சரஸ்வதி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, தாளு போதுமுங்களா?" கட்டின பெண்டாட்டிக்கே கிண்டல்.

ஐப்பசி 12, வியாழன்

மழை. குடை மறந்தேன்.

"சின்ன வயசுல உங்க பேச்சை யாருங்க கேட்டாங்க?" என்றார் மேடம். யாருமில்லை. அப்பா சொன்னால் அதோடு முடிந்தது. சொல்லும்போதே கழுத்து இறுகியது. முடிவு சொல்லும் முன்பும் இதே கழுத்துதான். மெதுவாக மூச்சு விடச் சொன்னார். விட்டேன்.

பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கவிதாவாகப் பேச வேண்டும். கூத்து என்று நினைத்தேன். உட்கார்ந்தேன். "என் கையில இருந்த காயத்தப் பாத்தீங்கல்லப்பா" என்று என் வாய் சொன்னது. பார்த்தேன். அன்றைக்கே பார்த்தேன். பார்த்தும் போகச் சொன்னேன். அழுதேன், அந்தச் சின்னப் பெண் முன்னால்.

"பழைய கதை, வீட்டுப்பாடம், மூச்சு, நாற்காலி. எதுக்குங்க இத்தனை?"

"ஒரே வழி எல்லாருக்கும் பத்தாதுங்க. உங்களுக்கு வேண்டியதச் சேத்துப் பாக்கறோம்."

இது புரிந்தது. தென்னை மஞ்சளித்தால் உரம், தண்ணீர், வண்டு, எல்லாம்தான் பார்க்கிறோம்.

ஐப்பசி 19, வியாழன்

மூன்றாவது தடவை போய் வந்தேன். தைரியம் வந்து நானே கவிதாவுக்குப் போன் செய்தேன்.

"வா சாமி. நீ சொல்லு, நான் கேக்கறேன்."

"முடிவு சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"ஞாயித்துக்கெழம வாரேனுங்கப்பா."

ஐப்பசி 22, ஞாயிறு

மேகமூட்டம். பதினோரு மணி பஸ்ஸில் கவிதா. இளைத்திருக்கிறாள். சோறு தின்றதும் எதிரே உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம். மூன்று தடவை கழுத்து இறுகியது. மூன்று தடவையும் மூச்சு மட்டும் விட்டேன், வாய் திறக்கவில்லை. பெருமைக்குத்தான் எழுதுகிறேன். எனக்கு இருக்கிறது பெருமை.

மாப்பிள்ளை பெல்ட்டைக் கழற்றியதைச் சொல்லும்போது வாசலில் பைக். மேற்குத் தோட்டத்து அண்ணன் தம்பி.

"ஏனுங் மாமா, எங்க வரப்பு நியாயத்த இன்னிக்கே பேசிப்போடலாங்களா?"

இருபது வருஷமாக வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதே இல்லை.

"இன்னிக்கு ஆவாதுங்க. எம்புள்ள பேசிட்டிருக்கறா."

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். கவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தேன்.

"பெல்ட்டக் கழட்டுனான்னு சொன்னே. அப்பறம் சாமி?"