உங்கள் பெயரைக் கேட்ட நாள்

மாமா,

இன்று காலை புறநோயாளிகள் பிரிவில் ஒருவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். சம்பங்கித் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் பஸ் ஏறியிருக்கிறார். பூ வாசமும் பூச்சிமருந்து நெடியும் கலந்து வந்தது. உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை அது. அவரிடம் பெயர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நர்ஸ்தான் கேட்டு எழுதினார்.

நான் மருத்துவம் நான்காம் ஆண்டு படித்தபோது, மாணவர் பரிமாற்றத்தில் எலேனா என்ற பெண் வெளிநாட்டிலிருந்து எங்கள் கல்லூரிக்கு ஒரு மாதம் வந்திருந்தாள். அவளுக்கு மொழிபெயர்க்க என்னைப் போட்டார்கள். காசநோயைக் கிராமத்து ஜனங்கள் ஏன் மறைக்கிறார்கள் என்று இருவரும் சேர்ந்து ஆய்வு செய்வது, அதை அவள் நாட்டில் நடக்கும் உலக சுகாதார மாநாட்டில் வைப்பது என்று திட்டம். மாநாட்டுக் கனவில் நான் நிறையப் பெருமை பேசியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் படித்தவர்கள் என்று சொன்னதும் அதில் ஒன்று. அவள் அதைப் பற்றி என்னிடம் கேட்கக்கூட இல்லை.

சாணார்பட்டிப் பக்கம் முகாம் போட்ட அன்று நீங்கள் வந்தீர்கள். மடித்துக் கட்டிய கைலி, காலில் செருப்பில்லை, கையில் ஒரு மஞ்சள் பை. அவித்த கடலையாகத்தான் இருக்கும். எனக்குப் பிடிக்கும் என்று கொண்டு வந்திருப்பீர்கள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "மாப்..." என்று ஆரம்பித்தீர்கள்.

நான் எலேனாவின் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிவிட்டு, உங்களைப் பார்த்து, "உக்காருங்க. பேரு என்ன?" என்றேன்.

நீங்கள் ஒரு நொடிதான் தயங்கினீர்கள். பிறகு உட்கார்ந்து, உங்கள் பெயரைச் சொன்னீர்கள். தகப்பனார் பெயரையும் ஊரையும் வயதையும் நான் கேட்காமலே சொன்னீர்கள். எத்தனை நாளாக இருமல் என்று கேட்டேன்.

"நாலு நாளாத்தான் சார். சளி. வேற ஒண்ணுமில்ல."

நாலு நாள் இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின மாதம் எங்கள் வீட்டு விசேஷத்தில் பந்தியிலிருந்து எழுந்துபோய், வாழை மரத்தடியில் நின்று நீங்கள் வெகுநேரம் இருமியதைப் பார்த்தவன் நான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் எனக்கு எப்படித் தெரியும் என்று எலேனா கேட்பாளே. நாலு நாள் என்றே எழுதினேன். இருமல் மருந்து கொடுத்தார்கள். கும்பிட்டுவிட்டு, பையோடு எழுந்து போனீர்கள். நீங்கள் உட்கார்ந்திருந்ததை எலேனா உங்களிடம் கேட்டுத்தான் படம் எடுத்தாள்.

மாநாட்டில் எங்கள் சுவரொட்டியின் நடுவே அந்தப் படம்தான் இருந்தது. நரைத்த தலையோடு ஒரு பேராசிரியை வந்து வெகுநேரம் படித்தார். இந்த மனிதர் யார், பிறகு என்ன ஆனார் என்று கேட்டார். ஒரு விவசாயி, சாதாரணச் சளி, சரியாகியிருக்கும் என்றேன். அதைச் சொன்னபோது என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் கூச வைக்கிறது.

நான் திரும்பிய மூன்றாவது வாரம் நீங்கள் ரத்தம் ரத்தமாகக் கக்கினீர்கள். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையை ஆறு மாதம் தின்றால் குணமாகிற நோய், மாமா. பிழைத்திருப்பீர்களோ மாட்டீர்களோ என்று சந்தேகப்பட்டு மனதை ஆற்றிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சளியில ரத்தம் வந்தது எனக்குத் தெரியும் அப்பு. வெளிய சொன்னா காசம்னு பேசிருவாங்க, மக செல்விக்கு மாப்பிள்ள பாக்குற நேரம்னு பயந்தாரு. டாக்டருக்குப் படிக்கிற நம்ம மாப்ளகிட்ட மட்டும் சொல்றேன், அவன் யாருக்கும் தெரியாம வைத்தியம் பாத்துருவான்னுதான் அன்னைக்கு கேம்ப்புக்கு வந்தாரு."

அவளாகவே தொடர்ந்தாள்.

"திரும்பி வந்து, மாப்ள இன்னைக்கு வரலைன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. நீ மட்டும் அன்னைக்கு வந்திருந்தா..."

அவ்வளவு தூரம் நடந்து வீட்டுக்குப் போய், உங்கள் பெண்டாட்டியிடம்கூட என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருந்திருக்கிறீர்கள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ஆமா அத்தை," என்றேன். "அன்னைக்கு நான் வரல."

அவள் என் தலையைத் தடவி, நீ என்ன செய்வ அப்பு என்றாள். இப்போதும் ஊருக்குப் போனால் அதையேதான் சொல்கிறாள். நானும் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறேன்.